பின்வாங்காத கோபுரங்கள்

கடல் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போன பிறகு, யுத்தமும் முடிந்த பிறகு, இனிமேல் எந்த ஆபத்தும் சொல்லாமல் வரக்கூடாது என்று தீர்மானிக்கப்பட்ட காலத்தில் கல்முனையில் கரையோர முன்னறிவிப்பு அதிகாரசபை திறக்கப்பட்டது. பெரியநீலாவணை தொடக்கம் பொத்துவில் வரை கடற்கரையில் இரும்புக் கோபுரங்கள் நட்டார்கள். உச்சியில் ஒலிபெருக்கிகள்; நடுவில் ஒரு தகரப் பெட்டி; பெட்டிக்குள் லினக்ஸில் ஓடும் சின்னக் கணினி ஒன்றும் சிம் அட்டை ஒன்றும். எங்காவது கடலடி அதிர்ந்தால் செய்தி அந்தக் கணினிக்கு வரும். அது ஒலிபெருக்கியில் அபாயச் சங்கை ஊதும்.

கணினிக்குள் ஒரு பிழை என்றால் ஒவ்வொரு கோபுரமாக ஏறித்தான் திருத்த வேண்டியிருந்தது. அப்படி இல்லாமல், கல்முனையில் இருந்தபடியே தொலைபேசி வலையமைப்பு வழியாக எல்லாக் கோபுரங்களின் மென்பொருளையும் ஒரே நேரத்தில் புதுப்பிக்க ஓர் ஒழுங்கு செய்வதற்காக நிந்தவூர் றம்ஸியாவை வேலைக்கு எடுத்தார்கள். கொழும்பில் பொறியியல் படித்தவள். அது சின்ன வேலை, பெருநாளைக்கு முன்னர் முடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தாள்.

அதிகாரசபையின் தவிசாளர் கலாநிதி அபுல் ஹஸன். எந்தத் துறையில் கலாநிதி என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அடுத்த தேர்தலில் நிற்க ஆயத்தமாக இருந்தபடியால் அவருடைய படமும் தொலைபேசி இலக்கமும் அச்சிட்ட நாட்காட்டி கல்முனையில் பேக்கரி முதல் பாமஸி வரை தொங்கியது.

முதலாவது கூட்டத்தில் றம்ஸியா திட்டத்தை விளக்கினாள். "புது மென்பொருள் காத்து வழியாப் போய்க் கோபுரத்துல இறங்கும் சேர்."

தவிசாளர் கையை உயர்த்தினார். "பொறுங்க மகள். யுத்தம் முடிஞ்சி இன்னம் ஈரம் காயல்ல. இந்தக் காத்துக்குள்ளால ஒண்ட அனுப்புறதெண்டா லேசுப்பட்ட காரியமா? காத்து ஆர்ர?"

காற்று யாருடையது என்று அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லை. அதை அறிய ஓர் உபகுழு நியமிக்கப்பட்டது. உபகுழு பக்கத்து இராணுவ முகாமுக்குக் கடிதம் எழுதியது. இந்தக் கடிதம் எதைப் பற்றியது என்று விளங்கவில்லை என்று முகாமிலிருந்து பதில் வந்தது. தவிசாளர் அதைச் சபையில் உரத்து வாசித்துவிட்டு, "பாத்தீங்களா, ஆட்சேபனை இல்ல" என்றார். அதற்குள் பெருநாள் வந்து போய்விட்டது.

இரண்டாவது சிக்கல் பெட்டியின் உள்ளே இருந்தது. றம்ஸியா ஒவ்வொரு கணினியிலும் இரண்டு பகுதி வைத்திருந்தாள். ஒன்றில் பழைய மென்பொருள் இருக்கும், மற்றதில் புதியது வந்து இறங்கும். புதியது சரிவராவிட்டாலோ, பாதியில் கரண்ட் போய்விட்டாலோ, பெட்டி தானாகப் பழையதுக்குத் திரும்பிவிடும். என்ன நடந்தாலும் கோபுரம் ஊமையாகாது.

"திரும்புமா?" என்று கேட்டார் தவிசாளர்.

"ஓம் சேர். புதுசு பிழைச்சா பின்னுக்குப் போகும்."

"பின்வாங்கும்."

"அப்பிடியும் சொல்லலாம் சேர்."

தவிசாளர் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் ஒலிவாங்கி இல்லாவிட்டாலும் மேடைத் தமிழ் வந்துவிடும். "கௌரவ உறுப்பினர்களே! வெற்றி பெற்ற ஒரு நாட்டின் அரச சொத்து பின்வாங்குவதா? எனது நிர்வாகத்தில் ஒரு பொருள் முன்னே செல்லும், அல்லது நிற்கும், ஒருபோதும் திரும்பாது. பழையதற்குத் திரும்புவது என்றால் புதியது பிழை என்று அர்த்தம். புதியதில் என் கையொப்பம் இருக்கிறது. அப்படியானால் என் கையொப்பம் பிழையா?"

உறுப்பினர்கள் இல்லை என்று தலையாட்டினார்கள்.

"சேர், பாதியில நிண்டா கோபுரம் செத்துப் போகும்" என்றாள் றம்ஸியா. "கீழ ஆக்கள் இரிப்பாங்க."

"மனிசன்தான் மகள் சாவான். கோபுரம் சாகுமா?"

பக்கத்தில் இருந்த செயலாளர் அருளம்பலம் அவளுடைய கதிரையை மெல்லத் தட்டினார். பென்சனுக்குக் கிட்ட வந்தவர். கூட்டங்களில் வாய் திறந்தால் கூட்டம் நீளும் என்று அறிந்தவர். "விடு புள்ள. இந்தக் கந்தோருல மழைக்குக் குடை விரிக்கிறத்துக்கும் குழு கூடவேணும்" என்றார். திரும்பும் வசதி நீக்கப்பட்டது.

கள்ள மென்பொருள் உள்ளே நுழையாமல் இருப்பதற்காக ஒவ்வொரு புதுப்பித்தலிலும் மின்னொப்பம் ஒன்று இட வேண்டும். அதற்குரிய சாவியை றம்ஸியா ஒரு சிறிய யூஎஸ்பியில் போட்டுக் கொடுத்தாள். ஒப்பம் என்ற சொல்லைக் கேட்டதும் தவிசாளர் அதைத் தன்னிடம் எடுத்துக்கொண்டு, நகைப்பெட்டி ஒன்றில் பட்டுத்துணி விரித்து வைத்தார். அன்றிலிருந்து புதுப்பித்தல் ஒவ்வொன்றும் ஒரு விழாவானது. கணினி மேசையின் குறுக்கே நாடா கட்டினார்கள். தவிசாளர் நாடாவை வெட்டி, யூஎஸ்பியைச் செருகி, பொத்தானை அமத்த, உறுப்பினர்கள் கைதட்டினார்கள். பின்னர் றோல்ஸும் கட்லட்டும் வந்தன.

முதலாவது விழாவில் கோபுரங்களுக்குப் போனது தவிசாளரின் உரைதான். சங்கு ஊதுவதற்கு முன்னர் அது மும்மொழியிலும் ஒலிக்க வேண்டும் என்பது கட்டளை. "திடீரெண்டு சங்கு ஊதினா சனங்கள் பயந்துபோகும்" என்றார்.

"பயந்து ஓடுறதுக்குத்தானே சேர் சங்கு?"

"பயம் வேற, விழிப்புணர்வு வேற" என்றார் தவிசாளர். உறுப்பினர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

மருதமுனைக் கோபுரத்தின் காவலாளி ஆதம்பாவா. கடல் வந்த காலையில் அவர் சந்தைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது மனைவி சுபைறாவும் இல்லை, பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் இல்லை, வீடும் இல்லை. கோபுரம் நடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கந்தோருக்கு வந்து, சம்பளம் எவ்வளவு என்று கேட்காமலே வேலைக்குச் சேர்ந்தவர் அவர் ஒருவர்தான். கோபுரத்தின் உச்சியில், கட்டிய வெளிநாட்டுக்காரர் விட்டுப்போன கையால் சுற்றும் பழைய சங்கு ஒன்றும் இருந்தது. அதற்கு எண்ணெய் போடச் சொல்லி அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் போட்டார்.

பெட்டியைப் பார்வையிடப் போன ஒரு நாள் றம்ஸியா அவரிடம் உரையைப் பற்றிச் சொன்னாள். மூத்த அண்ணனைப் போல அவரைக் காக்கா என்றுதான் அவள் கூப்பிடுவாள். ஆதம்பாவா கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எவ்வளவு நேரம் மகள் அந்தக் கதை?"

"மூணு பாசையிலயும் எண்டா தேத்தண்ணி ஒண்டு குடிக்கிற நேரம் காக்கா."

"அண்டைக்கு அவ்வளவு நேரம் இருக்கல்ல" என்றார்.

பிறகு ஒரு பின்னேரம் தூரத்துக் கடலடியில் நிலம் அதிர்ந்தது. எச்சரிக்கைச் செய்தி வந்ததும் கந்தோரில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். கோபுரங்கள் தம் பாட்டில் உரையைத் தொடங்கியிருந்தன. முடிந்ததும் சங்கு ஊதும். அதுவரை சனங்கள் காத்திருக்க வேண்டுமே என்று றம்ஸியா பதறிக்கொண்டிருக்க, தவிசாளர் உள்ளே ஓடி வந்தார். கையில் நகைப்பெட்டி இருந்தது.

"அந்த உரைய நிப்பாட்டுங்க. அது திறப்புவிழாவுக்குப் பேசின. இந்த நேரத்துக்குப் புதுசு ஒண்டு பேசோணும்."

"சேர், அல்லாவுக்காக இப்ப ஒண்டும் அனுப்பாதீங்க! அனுப்பினா ஓடுற மென்பொருள் நிண்டுபோகும். உரை முடிஞ்சி சங்காவது ஊதட்டும்!"

"இப்பிடி ஒரு நேரத்துல சனம் என்ட குரலக் கேக்காம வேற ஆர்ர குரலக் கேக்கிற?"

அவர் நின்ற நிலையிலேயே பேசிப் பதிவுசெய்தார். யூஎஸ்பியைச் செருகினார். நாடா கட்ட நேரமில்லை என்பதற்காக மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பொத்தானை அமத்தினார். உறுப்பினர் ஒருவர் பழக்கத்தில் கைதட்டினார்.

ஊரெல்லாம் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்த நேரம் அது. வலையமைப்பு நிரம்பி வழிந்தது. தெற்கே சில கோபுரங்களுக்கு உரை முழுதாகப் போய்ச் சேர்ந்தது. மருதமுனைக்குப் பாதி போய்க்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் வந்தது. திரும்பிப் போக அந்தப் பெட்டிக்குப் பழையது என்று ஒன்று இல்லை. வந்து சேர்ந்த துண்டை வைத்துக்கொண்டு அது தன்னால் முடிந்ததைச் செய்தது.

"அன்பான…" என்றது கோபுரம். "அன்பான… அன்பான… அன்பான…"

றம்ஸியா கந்தோரை விட்டிறங்கி ஓட்டோ ஒன்றில் மருதமுனைக்குப் போனாள். கடற்கரையில் சனங்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்பான யார், அன்பான என்ன என்று அடுத்த சொல்லுக்காகக் காத்து நின்றார்கள். கட்சிக் கூட்டத்துக்கு மைக் சரிபார்க்கிறார்கள் என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். கடல் வழமையை விடச் சற்று உள்ளே போயிருந்தது.

அப்போதுதான் உச்சியில் சங்கு அலறியது. ஆதம்பாவா மேலே நின்று இரண்டு கைகளாலும் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வலையையும் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினார்கள். கரையில் ஒருவரும் மிஞ்சாத வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை. கீழே நின்று கத்திய றம்ஸியாவைக் கண்டு, அவளையும் ஓடச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் போகவில்லை என்று கண்டதும் அவளை அனுப்புவதற்காக இறங்கத் தொடங்கினார். களைத்த கை ஏணியைப் பிடிக்கவில்லை. விழுந்தார்.

கடல் வந்து தோணிகளை நனைத்துவிட்டுப் போனது. அவ்வளவுதான். அன்றைக்குப் போல வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மணலில் கிடந்த ஆதம்பாவாவுக்குத் தெரியும். அவருடைய இடுப்பெலும்பு உடைந்திருந்தது. "எல்லாரும் போயிட்டாங்களா மகள்?" என்று கேட்டார். மேலே கோபுரம் இன்னமும் அன்பான என்று சொல்லிக்கொண்டிருந்தது.

விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. நிறுவனத்தின் நுட்பங்கள் வெளியாருக்கு விளங்காது என்பதால் தவிசாளர் தன்னையே அதன் தலைவராக நியமித்தார். ஆதம்பாவாவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்து இருத்தினார்கள்.

"சங்கு சுத்த ஆரு அனுமதி தந்த?"

"கோபுரம் கதைக்கல்ல சேர்."

"கதைச்ச. அன்பான எண்டு கதைச்ச. அன்புக்கு மேல உங்களுக்கு என்ன வேணும்?"

"சேர், அண்டைக்கு என்ட புள்ளைகளுக்கு இப்பிடி ஒரு சத்தம் கேட்டிருந்தா…"

"அது வேற கோப்பு" என்றார் தவிசாளர்.

றம்ஸியா எழுந்தாள். "சேர், திரும்புற வசதிய எடுக்கச் சொன்னது நீங்க. அந்த நேரத்துல அனுப்பினதும் நீங்க."

"மகளுக்கு அதிர்ச்சி" என்று தவிசாளர் மற்றவர்களுக்கு விளக்கினார். "இளம் அதிகாரி. அன்று நிறைய உழைத்தவர்."

தீர்ப்பு வந்தது. கோபுரங்கள் மக்களுக்கு அன்பைத் தெரிவித்திருப்பதால் அவை திருப்திகரமாக இயங்கின. ஆதம்பாவா அரச கோபுரத்திலிருந்து அனுமதியற்ற ஒலி எழுப்பியதற்காகவும், விழுந்து அதன் ஏணியைச் சேதப்படுத்தியதற்காகவும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். றம்ஸியாவுக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

அவள் பொன்னாடையோடு நிந்தவூருக்கு பஸ் ஏறினாள். பக்கத்தில் இருந்த பெண் "என்ன புள்ள, நல்ல விசயமா?" என்று கேட்டாள். "இன்னம் இல்ல" என்றாள் றம்ஸியா. வேலையை விட்டுவிடு என்று வாப்பா சொன்னார். அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று உம்மா சொன்னார். இரண்டையும் அவள் ஒத்திவைத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து அவள் சபைக்குப் புதிய புதுப்பித்தல் ஒன்றைக் கொண்டு வந்தாள். அதன் தலைப்பு: தவிசாளருக்கும் கோபுரங்களுக்கும் இடையிலான நேரடித் தொடர்பு.

அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. "ஒவ்வொரு கோபுரமும் தான் நல்லா இரிக்கெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா சேர்ட போனுக்குக் கோல் எடுக்கும். எடுத்தா, சேர்ட உரைய முழுசாச் சொல்லும். எடுக்காட்டி, எடுக்கும் வரைக்கும் திரும்பத் திரும்ப அடிக்கும்."

"எல்லாக் கோபுரமுமா?"

"ஓம் சேர். பெரியநீலாவணை தொடக்கம் பொத்துவில் வரைக்கும்."

தவிசாளரின் கண்கள் கலங்கின. "கௌரவ உறுப்பினர்களே! நான் தூங்கினாலும் இக்கரை தூங்காது. ஒவ்வொரு கோபுரமும் தன் தலைவனைத் தேடி வரும். எந்த இலக்கத்துக்கு என்று நான் சொல்லவும் வேண்டுமா? நாட்காட்டியில் உள்ள அதே இலக்கம்!"

"இதயும் திருப்ப ஏலாது சேர்" என்றாள் றம்ஸியா. "நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

"நான் திரும்பிப் பாக்கிற ஆள் இல்ல மகள்."

அருளம்பலம் அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு அறிக்கையை எடுத்து, அது எந்தத் தடையுமில்லாமல் எல்லாக் குழுவையும் கடக்கும்படி தன் கையாலேயே கொண்டு திரிந்தார். நாடா வெட்டப்பட்டது. கைதட்டல் ஓய்வதற்கு முன்னரே தவிசாளரின் சட்டைப்பையில் முதலாவது கோபுரம் ஒலித்தது. அவர் அதைச் சபைக்குக் கேட்கும்படி வைத்தார். அவருடைய குரல் அவரை அன்பான கரையோர மக்களே என்று அழைத்தது. எல்லாரும் எழுந்து நின்று கேட்டார்கள். அது முடிய அடுத்த கோபுரம் அழைத்தது. மூன்றாவது அழைப்புக்கு உறுப்பினர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்தாவதுக்கு கட்லட் வந்தது.

அந்தக் கிழமை தவிசாளர் எங்கே போனாலும் அவருடைய குரல் அவருக்கு முன்னால் போனது. ஜும்ஆத் தொழுகையில் ஒலித்தது. சாவு நடந்த மையத்து வீட்டில் ஒலித்தது. தொலைபேசியை அணைத்து வைத்தால் கோபுரங்கள் காத்திருந்து, திறந்தவுடன் வரிசையாக வந்தன. அவருடைய மனைவி அஸீஸா, "உங்கட கதைய நான் முப்பது வரிசமாக் கேக்கிறன், இனியும் ஏலா" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். இலக்கத்தை மாற்றலாம், ஆனால் நாட்காட்டிகள் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன, கொழும்பில் கட்சிப் பெரியவர்களிடம் இருந்ததும் அந்த இலக்கம்தான். வேட்பாளர் பட்டியல் எந்த நேரமும் முடிவாகலாம்.

முடிவான நாளில் கட்சிக் காரியாலயம் அவரைக் காலையிலிருந்து தேடியது. எந்த நேரமும் அவருடைய தொலைபேசி வேறொரு அழைப்பில் இருந்தது. இவ்வளவு வேலையுள்ள மனிதருக்குத் தேர்தல் எதற்கு என்று சொல்லி, அட்டாளைச்சேனையில் உடனே பதில் சொன்ன ஒருவரின் பெயரைப் போட்டார்கள். தவிசாளர் அந்த நேரத்தில் திருக்கோவில் ஊர்க் கோபுரத்தோடு பேச்சில் இருந்தார்.

அழைப்பை நிறுத்தும்படி அவர் சபையில் பிரேரணை கொண்டு வந்தார். அருளம்பலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு மெதுவாகவும் சந்தோசமாகவும் கதைத்ததில்லை.

"நிப்பாட்டுறதெண்டாலும் அது ஒரு புதுப்பித்தல்தான் சேர். காத்துக் குழுவுக்குப் போகவேணும். பிறகு மொழிக் குழு. சேர் இதுல சம்பந்தப்பட்ட ஆள் எண்டபடியா சேர் தலைமை தாங்க ஏலா. தவிசாளர் தலைமை தாங்காம கூட்டம் செல்லாது எண்டும் சேர்தான் விதி போட்ட."

"அருளம்பலம், எனக்குப் பைத்தியம் பிடிக்கும்!"

"அது வேற கோப்பு சேர்" என்றார் அருளம்பலம்.

கடைசியில் தவிசாளர் றம்ஸியாவைத் தேடிப் போனார். அவள் மருதமுனையில், ஆதம்பாவாவின் வீட்டில் இருந்தாள். அவரால் நடக்க முடியாமல் போனதிலிருந்து வாரத்தில் ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு கொண்டு போவது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. தவிசாளர் நண்பகல் வெயிலில் வாசலில் நின்றார். சட்டை கசங்கியிருந்தது. தாடி முளைத்திருந்தது.

"மகள், இது என்ட தலையில விழுந்த முசீபத்து. நீங்க தெரியாமச் செஞ்ச ஒண்டு எண்டு எனக்குத் தெரியும்…"

"இல்ல சேர்" என்றாள் றம்ஸியா. "தெரிஞ்சிதான் செஞ்ச. ஆதம்பாவா காக்காவக் கதிரையோட தூக்கிட்டு வந்த அண்டைக்கே யோசிச்சிட்டன்."

தவிசாளர் வாயைத் திறந்தார். மேடைத் தமிழ் வரவில்லை.

"நிப்பாட்டுங்க மகள். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நிப்பாட்டலாம். பெட்டிகளுக்குப் போற வழி எனக்குத் தெரியும். ஆனா என்னட்டக் கேக்காதீங்க. அவர்ட்டக் கேளுங்க."

ஆதம்பாவா கட்டிலில் சாய்ந்து கிடந்தார். தவிசாளர் அருகில் போய்க் குனிந்து நின்றார். வேலையைத் திரும்பத் தருவதாகச் சொன்னார். மன்னித்துக்கொள்ளும்படி சொன்னார். அல்லாஹ்வுக்காக என்றார். மனைவி சுபைறாவின் ஆத்மாவுக்காக என்றார். அந்தப் பெயரை அவர் சொன்னபோது ஆதம்பாவாவின் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்து அடங்கியது.

அந்த நேரம் தவிசாளரின் தொலைபேசி ஒலித்தது. அவர் அதை நிறுத்தப் போனார்.

"எடுங்க சேர்" என்றார் ஆதம்பாவா. "எங்களுக்கும் கேக்கிற மாதிரி எடுங்க."

எடுத்தார். அவருடைய குரல் அந்தச் சின்ன வீடு முழுவதும் நிரம்பியது. ஆதம்பாவா கண்ணை மூடிக்கொண்டு, அவசரமில்லாமல், தமிழையும் கேட்டார், விளங்காத சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கேட்டார். தவிசாளர் கையை நீட்டியபடி நின்றார். அவருடைய கழுத்தில் வியர்வை ஓடியது. உரை முடிந்தது.

"நல்ல கதை" என்றார் ஆதம்பாவா. "சேர், உங்கள நான் மன்னிச்சிட்டன். மனசுல ஒண்டும் இல்ல."

தவிசாளர் அழுதுவிட்டார். ஆதம்பாவாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆதம்பாவா றம்ஸியாவின் பக்கம் திரும்பினார். "மனிசன் வெயிலுக்குள்ள வந்திருக்காரு. ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடு மகள், சீனி கூடப் போட்டு."

"சரி காக்கா."

"ஆனா நிப்பாட்டாத."